ஜான்ஸ் தீவின் குடிமைப் பள்ளி

மக்களாட்சியில் அரசனுக்குரிய செங்கோல் ஒவ்வொரு குடிமகன் கையிலும் வாக்குச் சீட்டாக வந்து சேர்கின்றது. ஆனால், செங்கோல் உனக்கு உரியது என்று சட்டநூலில் எழுதி வைத்த அளவிலே அது கைக்கு வந்து விடுவதில்லை. ஏட்டிலே உள்ள உரிமைக்கும் வீட்டு வாயிலுக்கு வந்து சேரும் உரிமைக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. அத்தொலைவைக் கடக்க வழி கண்டவருட் பலர், அவ்வவ்வூரிலே பிறந்து, ஊராரோடு உண்டும் உழைத்தும் வாழ்ந்த எளியோரே ஆவர். அத்தகைய எளியோர் சிலர் அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், ஒரு பலசரக்குக் கடையின் பின்புறத்து அறையில் தொடங்கிய பள்ளி ஒன்றின் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்று தென் கரோலினா. அட்லாண்டிக் மாகடலின் கரையில் அமைந்த அதன் பழைய துறைமுக நகரம் சார்ல்ஸ்டன். அந்நகரை அடுத்து, உப்பங்கழிகளும் சதுப்பு நிலங்களும் சூழ, கடல்தீவுகள் எனப்படும் தீவுகள் பல கிடக்கின்றன. அவற்றுட் பெரியவற்றுள் ஒன்று ஜான்ஸ் தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, அத்தீவுகளின் நெல்வயல்களிலும் பருத்தித் தோட்டங்களிலும் அவுரித் தோட்டங்களிலும் பாடுபட்ட மக்களின் வழிவந்தோர் அங்கு மிகுதியாக வாழ்ந்தனர். நெடுங்காலம் பாலங்கள் இல்லாமையால் நகரத்தார் அங்குச் செல்வது அரிதாயிருந்தது. ஆதலின் அம்மக்கள் தமக்கென ஒரு பேச்சு மொழியும் பாட்டும் வழிபாடும் உடையராய் ஒதுங்கி வாழ்ந்தனர்.

அடிமை முறை 1865ஆம் ஆண்டில் ஒழிந்தது. நிறத்தையோ இனத்தையோ காட்டி எவருக்கும் வாக்குரிமையை மறுத்தல் கூடாது என்னும் திருத்தம் 1870இல் அமெரிக்க அரசியலமைப்பிற் சேர்ந்தது. எனினும், உரிமையை நேரே பறிக்க இயலாதவர் சுற்றுவழி தேடினர். 1895இல் தென் கரோலினா தனக்கென வகுத்துக்கொண்ட அரசியலமைப்பு அவ்வழியைத் திறந்து கொடுத்தது. வாக்காளராகப் பதிவு பெற விரும்புவோர் அவ்வரசியலமைப்பில் அலுவலர் காட்டும் பகுதியைப் படித்தும் எழுதியும் காட்டுதல் வேண்டும். இன்றேல், 300 டாலர் மதிப்புள்ள சொத்திற்கு உரியவராய் அதற்கு வரி செலுத்தியிருத்தல் வேண்டும் என்பது விதி. இவ்விதியில் நிறத்தைப் பற்றிய சொல் ஒன்றேனும் இல்லை. ஆனால், கறுப்பின மக்களுக்கு நல்ல பள்ளியும் இல்லை. போதிய நிலமும் இல்லை. கிணற்றைத் தூர்த்துவிட்டு, குடம் நிறைய நீர் கொண்டு வருபவனுக்கே வீட்டினுள் இடம் என்று சொல்வது போன்றது இவ்விதி. மேலும், படித்தது சரியா பிழையா என்று தீர்ப்பவரும் வெள்ளையரான அந்தப் பதிவு அலுவலரே.

இத்தீவில் 1910ஆம் ஆண்டில் பிறந்தவர் ஈசா ஜென்கின்ஸ் என்பார். அவர் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். காய்கறி விளைத்து நகரத்திற் கொண்டு சென்று விற்றார். அங்குக் கடை வைத்திருந்தவருட் பலர் கிரேக்கராய் இருத்தலைக் கண்டு, அவர்தம் மொழியைக் கற்றுக்கொண்டு வாணிகம் செய்தார். தாம் படிக்க இயலாமற் போன படிப்புத் தீவுப் பிள்ளைகளுக்கும் எட்டாமற் போதல் ஆகாது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றியிருந்தது. அக்காலத்துத் தீவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி இல்லை. ஆகவே, அவர் பேருந்து ஒன்றை வாங்கிப் பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். நாளடைவில் துறைமுகத் தொழிலாளரும், சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தோரும், நகரத்து மாளிகைகளில் வீட்டுவேலை பார்த்த பெண்டிரும் அவர்தம் பேருந்துகளில் நாள்தோறும் செல்வாராயினர்.

அப்பயணமே முதல் வகுப்பாயிற்று. வாக்குரிமை பற்றிய சட்டப் பகுதிகளைத் தாளில் அச்சடித்துப் பயணிகளிடம் கொடுப்பார் ஜென்கின்ஸ். வண்டி செல்லும்போதும் பயணிகளுக்காகக் காத்து நிற்கும்போதும் அப்பகுதிகளை விளக்குவார். அப்பேருந்தில் நகரத்திற்கு வேலைக்குச் சென்றுவந்த ஆலிஸ் வைன் என்னும் அம்மையார் ஒருநாள் அவரிடம் தம் குறையை எடுத்துரைத்தார். தமக்குப் படிப்பு இல்லை; யாரேனும் கற்பித்தால் தாமும் வாக்காளராகப் பதிவு பெறுவதாகச் சொன்னார். ஜென்கின்ஸ் பலகால் படித்துக் காட்ட, அம்மையார் சட்டப் பகுதியைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். பதிவு அலுவலர் முன் சென்று படிப்பவரைப் போலவே ஒப்பித்துப் பதிவும் பெற்றார்.

வேறொருவராயின் எண்ணியது கைகூடிற்று என்று அமைதியுற்றிருப்பர். ஆலிஸ் வைன் அவ்வாறு அமையவில்லை. ஒப்பித்தல் வேறு, படித்தல் வேறு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். தாம் உண்மையாகவே படிக்கக் கற்றல் வேண்டும். அதற்குத் தீவில் ஒரு பள்ளி வேண்டும் என்று வேண்டினார். இப்பள்ளி பிறப்பதற்கு அவ்வேண்டுகோள் பெருங்காரணமாயிற்று.

ஜென்கின்ஸ் முன்னரே, 1948ஆம் ஆண்டில், நண்பர் சிலரோடு கூடி முன்னேற்ற மன்றம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்திருந்தார். வழக்குகளிற் சிக்கித் துணையின்றித் தவிப்போர்க்கு உதவுதல் அம்மன்றத்தின் பணிகளுள் ஒன்று. உறுப்பினர் சிறு தொகையைச் சந்தாவாகக் கொடுத்தனர்; தாம் வாக்காளராகப் பதிவு பெறுதலோடு பிறரையும் பதிவு பெறச் செய்தலைக் கடமையாகக் கொண்டனர். ஜென்கின்ஸ் பள்ளிக் குழுவிற்கு நடந்த தேர்தலிலும் நின்று பார்த்தார். வெற்றி கிட்டவில்லை. ஆயினும், தம் மக்களுள் வாக்குடையோர் மிகச் சிலரே என்னும் உண்மை அத்தேர்தலால் அவர்க்குத் தெளிவாக விளங்கிற்று.

இனி, இவ்வரலாற்றில் தலையாய இடம் பெறும் மற்றொருவரை அறிதல் வேண்டும். அவர் செப்டிமா கிளார்க் அம்மையார். சார்ல்ஸ்டனில் 1898ஆம் ஆண்டில் பிறந்தவர். அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, அந்நகரத்துப் பொதுப் பள்ளிகளிற் கறுப்பின ஆசிரியர்க்கு இடம் இல்லை. ஆதலின் 1916இல் படகேறி ஜான்ஸ் தீவிற்கு வந்து ஆசிரியப் பணியை ஏற்றார். அப்பள்ளியில் மாணவர் 132 பேர், ஆசிரியர் இருவர். தலைமையாசிரியராகிய அவர் பெற்ற ஊதியம் 35 டாலர். எதிரே இருந்த வெள்ளையர் பள்ளியிற் பயின்றவர் மூவரே. அங்கு இருந்த ஆசிரியர் பெற்றதோ 85 டாலர். அம்மையார் பகலிற் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். மாலையில் விரும்பி வந்த பெரியோர்க்கும் எழுத்தறிவித்தார். மூன்று ஆண்டு கழித்து நகரத்திற்குத் திரும்பியபின், சார்ல்ஸ்டன் பொதுப் பள்ளிகளிற் கறுப்பின ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்ற விண்ணப்பத்திற்கு வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டினார். அடுத்த ஆண்டிலேயே அவ்வுரிமை கிடைத்தது.

இவ்வாறு நாற்பது ஆண்டு பணியாற்றிய அவர்க்கு 1956இல் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்கு உழைத்து வந்த தேசியச் சங்கத்தில் அரசு ஊழியர் எவரும் உறுப்பினராய் இருத்தல் ஆகாது என்று தென் கரோலினா ஒரு சட்டம் செய்தது. அம்மையார் தம் உறுப்புரிமையை மறைக்கவும் இல்லை, விடவும் இல்லை. சட்டத்தை எதிர்த்து நிற்குமாறு கறுப்பின ஆசிரியர்க்கு 726 கடிதங்கள் எழுதினார். மறுமொழி விடுத்தோர் 26 பேர். அதிகாரியைக் கண்டு பேச உடன் வருவதாக இசைந்தோர் பதினொருவர். குறித்த நாளில் வந்து நின்றோர் ஐவரே. அம்மையார் வேலையை இழந்தார்; நாற்பது ஆண்டு உழைப்பின் பயனாகிய ஓய்வூதியத்தையும் இழந்தார்.

அந்த 726 கடிதங்களும் வீணாயின என்று கூறிவிடலாம். அம்மையார் அவ்வாறு கருதவில்லை; வராதவர் மீது சினம் கொள்ளவும் இல்லை. வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது என்று அஞ்சியவர்களை அவர் அறிவார். மக்களை முன்னரே ஆயத்தம் செய்யாமல், போர்க்களத்திற்கு வருக என்று அழைத்தல் பயன் தராது என்னும் பாடத்தை அவர் அந்நிகழ்ச்சியிற் கற்றார். அழைப்பதற்கு முன் பழக வேண்டும். பழகியபின் கற்பிக்க வேண்டும். கற்றவர் தாமே எழுந்து நடப்பர் என்பது பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட முறையாயிற்று.

டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில் ஹைலாண்டர் என்னும் மக்கட் பள்ளி ஒன்று இருந்தது. மைல்ஸ் ஹார்ட்டன் என்பார் 1932இல் நிறுவியது அது. வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒரே மேசையில் உண்பதும் ஒரே அறையில் உரையாடுவதும் அருகியிருந்த அந்நாளில், அங்கு இருவரும் ஒருங்கிருந்து தத்தம் ஊர்ச் சிக்கல்களை ஆராய்ந்தனர். மான்ட்கோமரி நகரத்துப் பேருந்தில் இடம்விட்டு எழ மறுத்துப் பின்னர் உலகப் புகழ் பெற்ற ரோசா பார்க்ஸ் அம்மையாரும், அந்நிகழ்ச்சிக்குச் சில திங்கள் முன்னர், 1955ஆம் ஆண்டுக் கோடையில் அங்கு வந்து பயின்றவரே. செப்டிமா கிளார்க் 1954இல் ஜென்கின்ஸை அங்கு அழைத்துச் சென்றார். உம் ஊருக்கு வேண்டுவது யாது என்று கேட்டபோது, பெரியோர் படிக்க ஒரு பள்ளி வேண்டும் என்றார் ஜென்கின்ஸ். வேலையிழந்த அம்மையார்க்கும் 1956இல் ஹைலாண்டரே பணி தந்தது.

பெரியோர்க்கு எழுத்தறிவிக்கும் வகுப்புகள் தீவில் அதற்கு முன் இல்லாமல் இல்லை. ஆனால், சென்றவர் நிலைத்திருக்கவில்லை. ஏன் என்று ஆராய்ந்தார் ஹார்ட்டன். பகலெல்லாம் வயலில் உழைத்த பெரியவர் மாலையில் சிறுவர் அமரும் குட்டை விசிப்பலகையில் முழங்காலை மடக்கி அமர வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கென எழுதிய பாட நூலைக் கையில் ஏந்திப் பந்தும் பூனையும் பற்றிய வரிகளைப் படிக்க வேண்டியிருந்தது. பேரப்பிள்ளைகள் நகையாடினர். வறுமையைத் தாங்கிய அவர்களால் அவ்விழிவைத் தாங்க இயலவில்லை. புதிய பள்ளி அவர்தம் மதிப்பைக் குறைக்காததாய் இருத்தல் வேண்டும் என்று முடிவு செய்தனர்.

பள்ளிக்கு இடம் கிடைப்பதும் எளிதாயில்லை. பள்ளித் தலைவரும் தேவாலயத்தாரும் இடந்தர அஞ்சினர். எனவே, முன்னேற்ற மன்றத்தார் பயனற்றுக் கிடந்த பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றை ஹைலாண்டர் அளித்த கடனைக் கொண்டு வாங்கினர். முன்புறத்திற் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றை அமைத்தனர். பின்புறத்து அறைகளை வகுப்பிற்கு ஒதுக்கினர். வழியிற் செல்வோர் கண்ணுக்கு அது மளிகைக் கடையாகவே தோன்றிற்று. கடையில் வரும் ஊதியம் கடனைத் தீர்க்க உதவிற்று. கடையின் தோற்றம் பள்ளியைக் காத்தது.

ஆசிரியராக யாரை அமர்த்துவது? பட்டம் பெற்ற ஆசிரியரை அவர்கள் நாடவில்லை. கற்றறிந்தவர் கல்லாதவரைத் தாழ்வாகப் பார்த்துவிடுவரோ என்பது ஓர் அச்சம். அரசின் ஊதியம் பெறுபவர் மிரட்டலுக்கு உள்ளாவர் என்பது மற்றோர் அச்சம். அவர்கள் தேர்ந்தெடுத்தது பெர்னிஸ் ராபின்சன் என்னும் பெண்மணியை. அவர் கிளார்க் அம்மையாரின் உறவினர். சார்ல்ஸ்டனிற் கூந்தல் ஒப்பனைத் தொழிலும் தையற் தொழிலும் செய்து வாழ்ந்தவர். அவரிடம் வாடிக்கையாக வந்தவர் தம் இனத்துப் பெண்டிரே ஆதலின், வேலையை விட்டு விலக்குவோம் என்று அவரை அச்சுறுத்த எவராலும் இயலாது. எனக்குக் கற்பிக்கத் தெரியாதே என்று அவர் முதலில் தயங்கினார். வற்புறுத்தலின் பேரில் இசைந்தார்.

1957ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7ஆம் நாள் முதல் வகுப்புக் கூடிற்று. வயலில் வேலை குறைந்திருக்கும் குளிர்காலம் அது. வந்த பெரியோர் பதினால்வர். ராபின்சன் தொடக்கப் பள்ளி நூல்கள் சிலவற்றைக் கையிற் கொண்டு சென்றிருந்தார். மாணவர் முகங்களைக் கண்டதும் அவை உதவா என்பதை உணர்ந்தார். தாம் ஆசிரியராக வரவில்லை என்றும், எல்லாரும் சேர்ந்தே கற்போம் என்றும் கூறி, நீங்கள் கற்க விரும்புவது யாது என்று அவர்களையே வினவினார். ஒருவர் தம் பெயரைக் கையொப்பமிட விரும்பினார். ஒருவர் தொலைவில் இருக்கும் மக்களின் கடிதங்களைத் தாமே படிக்க விரும்பினார். மணியார்டர்ப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார் ஒருவர். திருமறையைப் படித்தல் வேண்டும் என்பது பலருடைய ஆசை. எல்லார்க்கும் பொதுவாய் இருந்த விருப்பம் வாக்காளர் பதிவு.

அவ்விருப்பங்களே பாடத்திட்டமாயின. கடைப் பட்டியல், பணவிடைப் படிவம், அஞ்சல் வழியே பொருள் வாங்கும் படிவம், செய்தித்தாள், வாக்காளர் பதிவுப் படிவம், மாநில அரசியலமைப்பின் பகுதிகள் ஆகியவையே பாட நூல்கள். வாரத்தில் இரண்டு இரவு. ஒவ்வோர் இரவும் இரண்டு மணிநேரம். ஏர் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் எழுதுகோலைப் பிடிக்க அறியாமல் முறித்துவிடுவதும் உண்டு. அட்டையில் எழுதிய பெயரின் மேலே விரலையும் எழுதுகோலையும் மீண்டும் மீண்டும் ஓட்டி அவர்கள் எழுத்தின் வடிவைப் பழகினர். மனிதர் யாவர்க்கும் உரிய உரிமைகளைப் பற்றி ஐக்கிய நாடுகள் அவை 1948இல் வெளியிட்ட பறைசாற்றத்தை ராபின்சன் சுவரில் ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் இதனை நீங்கள் படிக்க வேண்டும் என்றார். அறுபத்தைந்து அகவையுடைய மூதாட்டி ஒருவர், பல பெயர்கள் எழுதப்பட்டிருந்த பலகையில் தம் பெயரைத் தாமே கண்டு சுட்டிக்காட்டியபோது, ராபின்சனுக்கு மெய்சிலிர்த்தது. அறுபத்தைந்து ஆண்டாக வாயால் வழங்கிய தம் பெயரை அம்மூதாட்டி அன்றுதான் கண்ணாற் கண்டார்.

அவ்வகுப்பிற் பயின்றோர் பதிவு அலுவலகத்திற்குச் சென்றனர். இம்முறை எவரும் ஒப்பிக்க வேண்டியிருக்கவில்லை. படித்தனர், எழுதினர், பலர் வாக்காளராயினர். செய்தி நீர்வழியே பரவிற்று. வாட்மலா, எடிஸ்டோ முதலிய அண்டைத் தீவினர் எமக்கும் ஒரு பள்ளி வேண்டும் என்றனர். வடசார்ல்ஸ்டனில் ஒரு கூந்தல் ஒப்பனை நிலையமே வகுப்பறையாயிற்று. முன்னர் மாணவராய் இருந்தவர் அயலூரில் ஆசிரியராயினர். ஜான்ஸ் தீவில் வாக்குடையோர் தொகை சில ஆண்டுகளிற் பன்மடங்கு பெருகிற்று.

வளர்ச்சி கண்டு எதிர்ப்பும் வளர்ந்தது. ஹைலாண்டர்ப் பள்ளியின் உரிமத்தை டென்னசி மாநிலம் 1961இல் பறித்தது. ஆனால், அதற்குள் அவ்விதை வேறு நிலத்தில் நடப்பட்டிருந்தது. மார்ட்டின் லூதர் கிங் தலைமையேற்றிருந்த தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடு என்னும் அமைப்பு அவ்வாண்டிலேயே இப்பணியை ஏற்றது. ஜார்ஜியா மாநிலத்தில் டார்செஸ்டர் என்னும் நிலையத்தில் செப்டிமா கிளார்க், டாரதி காட்டன், ஆண்ட்ரூ யங் ஆகியோர் ஆசிரியரைப் பழக்கினர். தென்மாநிலங்களிலிருந்து உழவரும் தையற்காரரும் வண்டியோட்டுவோரும் அங்கு வந்து, ஏறத்தாழ ஒரு வாரம் பயின்று, தத்தம் ஊருக்குத் திரும்பி, சமையலறையிலும் தேவாலயத்திலும் மரத்தடியிலும் வகுப்பு நடத்தினர். உரக்கப் பிழையின்றிப் படிக்கவும் கரும்பலகையில் தெளிவாக எழுதவும் வல்லவராய், ஊரார் மதிக்கும் பண்புடையவராய் இருந்தாற் போதும். பட்டம் வேண்டுவதில்லை என்றார் கிளார்க்.

அப்பணி இடுக்கண் நிறைந்தது. மிசிசிப்பி மாநிலத்திற் பருத்தித் தோட்டத் தொழிலாளியாய் இருந்து உரிமைப் போராளியான ஃபேனி லூ ஹாமர் அம்மையாரும் அவர்தம் தோழியரும், 1963 ஜூன் திங்களில் இத்தகைய பயிற்சி ஒன்றினின்று ஊர் திரும்பும் வழியில், வினோனா என்னும் ஊரிற் சிறைப்பட்டனர். சிறையிற் கொடுமையாக அடிக்கப்பட்டனர். அதன் பின்னும் ஹாமர் பணியை விடவில்லை. ஊர்தோறும் இவ்வாறு நடந்த முயற்சிகளும் போராட்டங்களும் ஒன்றுகூடி நாட்டின் மனச்சான்றை அசைத்தன. 1965 ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. அதனால், தென்மாநிலங்களில் வாக்காளரைத் தடுக்கக் கருவியாய் நின்ற எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. பள்ளியிற் சேராமலே வாக்களிக்கலாம் என்னும் நிலை வந்த பின்னரும் வகுப்புகள் உடனே மூடப்படவில்லை. வாக்கைப் பெறுதலோடு பணி முடிந்துவிடுவதில்லை. சாலையும் மருத்துவமும் பள்ளியும் கேட்டுப் பெறக் குடிமக்கள் அறிதல் வேண்டும் அன்றோ?

ஜென்கின்ஸ் 1972இல் மறைந்தார். பிற்காலத்தில் அவர் ஓட்டிய சிற்றுந்தின் உடற்பகுதியில், அன்பே முன்னேற்றம், பகைமைக்கு விலை மிகுதி என்னும் பொருள்படும் சொற்களை எழுதி வைத்திருந்தார். அப்பகுதி வாஷிங்டன் நகரில் 2016இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர் அருங்காட்சியகத்தில் இடம் பெற்றுள்ளது. செப்டிமா கிளார்க் 1987 வரை வாழ்ந்தார். அவர்க்கு மறுக்கப்பட்ட ஓய்வூதியம் 1976இல் மீண்டும் வழங்கப்பெற்றது. அவர்தம் எழுபதாம் அகவைக்குப் பின், சார்ல்ஸ்டன் பள்ளிக் குழுவிற்கு மக்கள் அவரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். ஆசிரியர் வேலையினின்று விலக்கப்பட்டவர் பள்ளிகளை ஆளும் குழுவில் அமர்ந்தார். அவ்விருக்கையை அவர்க்கு அளித்தவருள், ஒரு காலத்திற் பெயரெழுதவும் அறியாதிருந்து இப்பள்ளிகளாற் கண்திறக்கப்பெற்ற மக்களும் உண்டு.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று விளங்கும். இப்பள்ளியை அரசு தரவில்லை, செல்வர் தரவில்லை. பேருந்திற் பயணம் செய்த ஒரு பெண்ணின் வேண்டுகோளிலிருந்து அது பிறந்தது. வண்டியோட்டியவர் செவி கொடுத்தார், வேலையிழந்த ஆசிரியர் வழி காட்டினார், கூந்தல் ஒப்பனை செய்தவர் கற்பித்தார், உழவர் கற்றனர், கற்றவர் அயலார்க்குக் கற்பித்தனர். ஊர் கூடி இழுத்த தேர் அது. வடத்தைப் பிடித்த கைகளுள் இன்ன கையினால்தான் தேர் நகர்ந்தது என்று பிரித்துக் காட்டல் இயலாது.

மாணவர்களே, நம் நாட்டில் 1951-52இல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலிலேயே எழுத்தறிவு இல்லாதவர்க்கும் வாக்குரிமை இருந்தது. படிக்க அறியாதார் அறிந்து வாக்களிக்கும்பொருட்டுச் சின்னங்களும் அமைக்கப்பெற்றன. ஆதலின் ஆலிஸ் வைன் அம்மையார் நின்ற வாயிலில் நீங்கள் நிற்க வேண்டுவதில்லை. பதினெட்டு அகவை நிரம்பியதும் உங்கள் பெயரைப் பட்டியலிற் சேர்க்க நீங்கள் விண்ணப்பிக்கலாம். அப்பட்டியலில் உங்கள் தெருவில் உள்ள முதியோர் பெயரும், புதிதாகக் குடிவந்தோர் பெயரும் உள்ளனவா என்று பார்த்து, இல்லையாயின் படிவம் நிரப்பித் தருதல் உங்களால் ஆகக்கூடிய பணியே. படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்கத் தெரியாத ஒருவர் அருகில் அமர்வதற்குப் பெரிய மாளிகை வேண்டுவதில்லை. கடையின் பின்புறத்து அறையே போதும்.

பயிற்சி வினாக்கள்

1. தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிவு பெற வகுக்கப்பட்டிருந்த விதி யாது? அதனைக் 'கிணற்றைத் தூர்த்தல்' என ஆசிரியர் கூறுவது ஏன்?
2. ஆலிஸ் வைன் பதிவு பெற்ற பின்னரும் மனநிறைவு கொள்ளாமை எதனைக் காட்டுகின்றது?
3. செப்டிமா கிளார்க் எழுதிய 726 கடிதங்களால் அவர் கற்ற பாடம் யாது?
4. பெர்னிஸ் ராபின்சனை ஆசிரியராகத் தேர்ந்தெடுத்தமைக்குரிய காரணங்களை எழுதுக.
5. உங்கள் ஊரில் எழுத்தறியாத முதியவர் ஒருவர்க்கு முதற் பாடமாக எதனைக் கற்பிப்பீர்கள்? அவர் விருப்பத்தைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.